‘பழகிய உடம்பு’ என்னும் பொய்: உழைப்பும் பயிற்சியும் ஒன்றல்ல

2030ஆம் ஆண்டின் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகள் அகமதாபாத்தில் நடைபெறும் என்று 2025 நவம்பரில் முடிவாயிற்று. அதற்கு ஓராண்டு முன்பே, 2036 ஒலிம்பிக்கை நடத்த விரும்புவதாக இந்தியா பன்னாட்டு ஒலிம்பிக் குழுவிற்குக் கடிதம் கொடுத்துவிட்டது. பாரிசில் 6 பதக்கங்களோடு திரும்பிய நாடு, போட்டியை நடத்துகிற நாடாக மாறும்போது பதக்கப் பட்டியலிலும் மேலே ஏற வேண்டும் என்ற பதற்றம் இயல்பானதே. ஆகவே திறன் தேடல் முகாம்கள் பெருகுகின்றன. 9 முதல் 18 வயதுக்குட்பட்டோரை ஓடவைத்தும் குதிக்கவைத்தும் அளந்து தேர்ந்தெடுக்கும் ‘கீர்த்தி’ திட்டத்தை ஒன்றிய அரசு 2024 மார்ச்சில் தொடங்கியது.

இந்தத் தேடலைப் பற்றிய பேச்சுகளில் ஒரு வாதம் தவறாமல் இடம்பெறுகிறது. நகரத்துப் பிள்ளைகளின் உடல் மென்மையானது. வயலிலும் செங்கல் சூளையிலும் மலைக்காட்டிலும் உழைத்து வளர்ந்த உடல்தான் இயற்கையிலேயே உறுதியானது. அவர்களைக் கண்டுபிடித்து மைதானத்திற்கு அழைத்துவந்தால் போதும், பதக்கம் தானே வரும் என்பதே அந்த வாதம். கேட்பதற்கு இது உழைக்கும் மக்களுக்குச் செய்யும் மரியாதைபோல் ஒலிக்கிறது. நம்மில் பலரும் இதை மேடைகளில் பெருமையோடு சொல்லியிருக்கிறோம்.

ஆனால் இந்த வாசகத்தின் பழைய வடிவம் நமக்கு நன்கு தெரிந்தது. நடவு வயலில் நாள் முழுவதும் குனிந்து நிற்கும் பெண்ணைப் பற்றியும், கோடை வெயிலில் சூளைச் சூட்டினருகே கல் சுமப்பவரைப் பற்றியும், சாக்கடைக் குழிக்குள் இறக்கப்படுபவரைப் பற்றியும் ஊர்த்தெரு சொல்லிவந்த சொல் ஒன்று உண்டு: “அவங்களுக்கு அது பழகின உடம்பு.” அந்த ஒரு சொல்லால் கூலியைக் குறைக்கலாம், நிழலை மறுக்கலாம், கையுறையை மறுக்கலாம். இன்று அதே சொல் விளையாட்டுத் துறைக்குள் பாராட்டாக நுழைந்திருக்கிறது. உடற்பயிற்சி அறிவியல் இந்தச் சொல்லை ஏற்கிறதா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. ஏற்கவில்லை. ஏன் ஏற்கவில்லை என்பதில்தான் நமக்கான அரசியல் இருக்கிறது.

உடல் எப்போது வலுப்பெறுகிறது?

1936இல் ஹான்ஸ் செலியே என்ற மருத்துவ ஆய்வாளர் ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு குறிப்பை வெளியிட்டார். குளிர், காயம், நச்சு, மிகையான உழைப்பு என எந்தத் தாக்குதலுக்கு உள்ளானாலும் உயிரினத்தின் உடல் முதலில் அதிர்கிறது, பிறகு எதிர்த்து நிற்கிறது, தாக்குதல் ஓயாமல் தொடர்ந்தால் இறுதியில் சோர்ந்து வீழ்கிறது என்று அவர் சொன்னார். பின்னாளில் சோவியத் பயிற்சியியலாளர்களும் மற்றவர்களும் இந்தக் கருத்தை விளையாட்டிற்கு எடுத்துக்கொண்டனர். செலியேவின் விளக்கத்தைப் பல இடங்களில் இன்றைய அறிவியல் திருத்திவிட்டது. ஆயினும் பயிற்சியின் அடிப்படை மாறவில்லை: சுமை உடலைச் சற்றே குலைக்கிறது, சுமைக்குப் பின்வரும் ஓய்விலும் உணவிலும் உறக்கத்திலும்தான் உடல் தன்னை முன்னிலும் வலுவாகக் கட்டிக்கொள்கிறது.

இது உருவகம் அன்று. பளு தூக்கிய பிறகு தசைக்குள் புரதம் கட்டமைக்கப்படும் வேகம் ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு நாட்கள் உயர்ந்தே இருக்கும். அந்நேரத்தில் உண்ணும் புரதமே தசையாகிறது. நெடுந்தூர ஓட்டத்திற்குப் பிறகு தசைச் செல்களுக்குள் மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருகுகின்றன, நுண்ணிய இரத்தக் குழாய்கள் புதிதாய்க் கிளைக்கின்றன, இரத்தத்தின் அளவு கூடுகிறது. இவையனைத்தும் ஓட்டத்தைத் தூண்டுதலாகக் கொண்டு, ஓட்டம் நின்ற பிறகு நடப்பவை. ஓய்வு இல்லாத இடத்தில் தூண்டுதல் மட்டுமே எஞ்சும், கட்டுமானம் நடக்காது.

இன்னொரு விதியும் உண்டு. சுமை படிப்படியாகக் கூட வேண்டும். ஒரே சுமையை ஒரே விதத்தில் நாள்தோறும் கொடுத்தால் சில வாரங்களிலேயே உடல் அதற்கேற்ப மாறி நின்றுவிடும். அதன்பின் கிடைப்பது தேய்மானம் மட்டுமே. சூளையில் தலையில் சும்மாடு வைத்துக் கல் சுமக்கும் பெண் முதல் மாதத்தில் உண்மையிலேயே வலுப்பெறலாம். 10ஆம் ஆண்டில் அவருடைய கழுத்தெலும்பும் முழங்காலும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதை அவரிடம் கேட்டால் தெரியும். அவருக்கு எடையைக் கூட்டிக் குறைக்கும் பயிற்றுநர் இல்லை. இலகுவான வாரம் என்று ஒன்று இல்லை. இடது தோள் வலித்தால் அந்த நாளின் வேலையை மாற்றிக்கொள்ளும் உரிமையும் இல்லை.

பேருந்து நடத்துநரும் சுமை தூக்குபவரும்

உடலுழைப்பு நலம் தரும் என்ற நவீன நம்பிக்கைக்கு அறிவியல் அடித்தளம் இட்டவர்களுள் ஜெர்ரி மோரிஸ் முதன்மையானவர். லண்டனின் இரட்டை அடுக்குப் பேருந்துகளில் நாள் முழுவதும் உட்கார்ந்தே இருக்கும் ஓட்டுநர்களைவிட, படியேறி இறங்கிக்கொண்டேயிருக்கும் நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவு என்று அவரும் அவர் குழுவினரும் 1953இல் ‘லான்செட்’ இதழில் காட்டினர். இதைப் படித்தவர்கள் எளிதாக ஒரு முடிவுக்கு வந்துவிடலாம்: வேலை செய்கிற உடல் நலமான உடல்.

65 ஆண்டுகள் கழித்து அந்த முடிவு கேள்விக்குள்ளாயிற்று. 2018இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 17 ஆய்வுகளிலிருந்து ஏறத்தாழ 1,94,000 பேரின் தரவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. வேலையில் கடும் உடலுழைப்பு செய்த ஆண்கள், குறைந்த உடலுழைப்பு செய்தவர்களைவிட முன்கூட்டியே இறக்கும் வாய்ப்பு 18 விழுக்காடு அதிகம் என்று அது கண்டது. ஓய்வு நேரத்தில் ஓடுவதும் நீந்துவதும் ஆயுளைக் கூட்டுகின்றன. அதே உடலை அதே அளவு வேலையில் வருத்துவது ஆயுளைக் குறைக்கிறது. இதை ‘உடலுழைப்பு முரண்’ என்று டென்மார்க்கின் ஆன்ட்ரியாஸ் ஹோல்டர்மான் முதலான ஆய்வாளர்கள் அழைக்கின்றனர். பெண்களிடம் இத்தொடர்பு இவ்வளவு தெளிவாக வெளிப்படவில்லை. தரவுகள் பெரும்பாலும் பணக்கார நாடுகளைச் சேர்ந்தவை என்பதையும் குறித்துக்கொள்வோம். எட்டு மணி நேர வேலையும் மருத்துவக் காப்பீடும் உள்ள நாடுகளிலேயே இந்த நிலை.

முரணுக்கு அவர்கள் தரும் காரணங்கள் ஒரு பயிற்றுநரின் குறிப்பேட்டைப் போலிருக்கின்றன. இதயத்தை வலுப்படுத்தும் அளவிற்கு வேகம் இல்லாத, ஆனால் மிக நீண்ட நேரம் இழுக்கும் வேலை. நாள் முழுவதும் இறங்காத இதயத் துடிப்பு. சுமை தூக்குவதாலும் அசையாமல் குனிந்து நிற்பதாலும் 24 மணி நேரமும் உயர்ந்தே நிற்கும் இரத்த அழுத்தம். போதிய மீட்சி நேரமின்மை. வேலையின் வேகத்தையும் இடைவேளையையும் தானே முடிவு செய்ய முடியாமை. இறுதியாகச் சொன்னதை மறுமுறை படிக்க வேண்டும். எப்போது நிறுத்துவது என்பதை முடிவு செய்யும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பது உடலியல் விளைவைத் தரக்கூடிய ஒரு காரணியாக அறிவியலில் பதிவாகியிருக்கிறது. வேலை நடுவே நிமிர்ந்தால் வரப்பிலிருந்து அதட்டல் வரும் என்பதை அறிந்த நம் பாட்டிமார்களுக்கு இது புதிய செய்தியாக இராது.

கென்யாவைக் காட்டி இதை மறுப்பவர்கள் உண்டு. வறுமையில் பிறந்து பள்ளிக்கு ஓடியே போய்வந்த பிள்ளைகள்தானே உலகையே வென்றார்கள் என்பர். பள்ளிக்கு ஓடியது அவர்களுக்கு உதவியது உண்மை. அதற்கு உயரமான நிலப்பகுதியும் துணைசெய்தது. ஆனால் இட்டேன், கப்டகட் போன்ற இடங்களின் பயிற்சி முகாம்களில் அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று யாரும் சொல்வதில்லை. விடியலில் ஓட்டம், பிறகு உணவு, பிறகு உறக்கம், மாலையில் மெல்லோட்டம், மீண்டும் உறக்கம். 2004இல் வெளியான ஓர் ஆய்வு, முன்னணிக் கென்ய ஓட்டக்காரர்கள் உண்ணும் ஆற்றலில் நான்கில் மூன்று பங்கிற்கும் மேல் சோளக்களி போன்ற மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று காட்டியது. ஆக, சோறு தின்பது குற்றமில்லை. அவர்களுக்குக் கிடைத்ததும் நம் பிள்ளைகளுக்குக் கிடைக்காததும் பகல் உறக்கம்.

அளவிட்டவர்கள் முன்பும் இருந்தார்கள்

‘இயற்கையான உடல்’ என்ற கருத்து தீங்கற்ற பாராட்டாக எப்போதும் இருந்ததில்லை. 1851இல் அமெரிக்காவின் தென்பகுதியில் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர் ஓர் அறிக்கை எழுதினார். கறுப்பின மக்களின் நுரையீரல் கொள்ளளவு வெள்ளையரைவிட ஏறத்தாழ 20 விழுக்காடு குறைவு என்று மூச்சளவிக் கருவியான ஸ்பைரோமீட்டரைக் காட்டிச் சொன்னார். அதிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் விந்தை: கட்டாய உழைப்பே அவர்களை ஆழமாக மூச்சுவிடச் செய்து இரத்தத்தைத் தூய்மையாக்குகிறது, ஆகவே அடிமைத்தனம் அவர்கள் உடல்நலத்திற்கு உகந்தது. அடிமைகள் தப்பியோடுவதையே ஒரு மனநோய் என்று பெயரிட்டவரும் அவரே. அந்த அளவீட்டின் எச்சமான ‘இனத் திருத்தம்’ நுரையீரல் பரிசோதனைகளில் நெடுங்காலம் நீடித்தது. அமெரிக்க மார்புநோய் மருத்துவர் சங்கம் 2023இல்தான் இனம் சாராத அளவுகோலைப் பரிந்துரைத்தது.

நம் நாட்டில் இந்த வேலையை இராணுவம் செய்தது. மகர்கள் பிரிட்டிஷ் படையில் தலைமுறைகளாகப் பணியாற்றியவர்கள். அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் சுபேதாராக இருந்தவர். சென்னை மாகாணப் படையில் பறையர் சமூகத்தினர் பலர் இருந்தனர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ‘போர்க்குணச் சாதிகள்’ என்ற கோட்பாடு ஓங்கியபோது அந்த உடல்கள் திடீரெனப் போருக்குத் தகாதவை ஆயின. மகர்களின் ஆள்சேர்ப்பு 1892இல் நின்றது. இரண்டாம் உலகப்போரில் ஆள் தேவைப்பட்டபோது, 1941இல் மகர் படைப்பிரிவு உருவாயிற்று. இடைப்பட்ட அரை நூற்றாண்டில் அம்மக்களின் தசையிலும் எலும்பிலும் எதுவும் மாறிவிடவில்லை.

கிரிக்கெட்டிலிருந்து ஒரு சிறு செய்தி. தலித் பந்துவீச்சாளர் பல்வங்கர் பாலு புனேவில் ஐரோப்பியர் மன்றத்தின் மைதானப் பணியாளராக இருந்தபோது வலைப்பயிற்சியில் மணிக்கணக்காகப் பந்து வீசினார். மட்டையைப் பிடிக்கும் வாய்ப்பு அவருக்குத் தரப்படவில்லை. வீசுவது உழைப்பு, அடிப்பது விளையாட்டு என்ற பிரிவினை அங்கே இருந்தது. 1911 இங்கிலாந்துப் பயணத்தில் 100க்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை அவர் எடுத்தார். அதற்கு முன்பே, புனேயின் இந்துக்கள் அணியில் ஆடியபோது, அவருக்குத் தேநீர் மட்டும் தனி மண்குவளையில் வெளியே கொடுக்கப்பட்டது.

சுதந்திர இந்தியாவின் அரசும் இந்தச் சிந்தனைக்கு விலக்கல்ல. 1987இல் இந்திய விளையாட்டு ஆணையம் கர்நாடகம், குஜராத் ஆகிய மாநிலங்களில் வாழும் சித்தி மக்களின் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துத் தடகளப் பயிற்சி அளித்தது. அம்மக்களின் முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள் என்பதால் ஓட்டம் அவர்கள் இரத்தத்தில் இருக்கும் என்ற ஊகமே திட்டத்தின் விதை. சிலர் தேசிய, தெற்காசிய அளவில் பதக்கம் வென்றனர். 1990களின் தொடக்கத்தில் திட்டம் கைவிடப்பட்டது. அப்பிள்ளைகள் ஊர் திரும்பிப் பிழைப்பைத் தேடினர். இரத்தத்தை நம்பித் தொடங்கியவர்களுக்குப் பத்தாண்டுகள் சோறும் பயிற்சியும் வேலையும் தர வேண்டும் என்ற எண்ணம் வராததில் வியப்பில்லை. இரத்தமே ஓடும் என்றால் செலவெதற்கு?

புதுக்கோட்டை மாவட்டத்தின் கத்தக்குறிச்சியிலிருந்து வந்த சாந்தி சௌந்தரராஜனை இங்கே நினைக்காமலிருக்க முடியாது. செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகள். 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றவர். பாலினப் பரிசோதனையின் பெயரால் அந்தப் பதக்கம் பறிக்கப்பட்டது. அவருடைய அந்தரங்கம் செய்தித்தாள்களில் ஏலம் விடப்பட்டது. 2012இல் அவர் நாட்கூலிக்குச் சூளையில் வேலை செய்வது செய்தியானது. வென்றபோது ‘சூளை தந்த வீராங்கனை’ என்று கொண்டாட முன்வந்த நாடு, அவரைச் சூளைக்கே திருப்பி அனுப்பிற்று. 2 நிமிடம் 3 விநாடியில் 800 மீட்டரை ஓடிக் கடந்தது சூளை கொடுத்த கால்கள் அல்ல. சூளையை மீறி அவர் பெற்ற பயிற்சி.

இரும்பும் புரதமும்

ஓட்டத் திறனை அளக்கும் முதன்மையான அளவு, உடல் ஒரு நிமிடத்தில் அதிகபட்சமாக எவ்வளவு ஆக்சிஜனை நுகர முடியும் என்பது. அந்த ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். ஒரு கிராம் ஹீமோகுளோபின் ஏறத்தாழ 1.34 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் சுமக்கும். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 13 கிராம் ஹீமோகுளோபின் உள்ள பெண்ணின் இரத்தம் சுமார் 17.4 மில்லிலிட்டர் ஆக்சிஜனை ஏந்திச் செல்கிறது. 10 கிராம் உள்ளவரின் இரத்தம் 13.4 மில்லிலிட்டரை மட்டுமே ஏந்தும். ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு ஓட்டம் தொடங்குமுன்னரே தொலைந்துவிட்டது. இதயம் வேகமாக அடித்து ஓரளவு ஈடுகட்டலாம். முழு வேகத்தில் ஓடும்போது அந்த ஈடும் தீர்ந்துவிடும்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுவரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. தமிழ்நாட்டில் 53.4 விழுக்காடு. பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்களிடம் இது நாட்டின் சராசரியைவிட அதிகம். திறன் தேடல் முகாமில் 14 வயதுச் சிறுமியை 800 மீட்டர் ஓடவைத்துக் கடிகாரம் பார்க்கிறவர், அவளுடைய திறனை அளக்கிறாரா, அவள் வீட்டு உணவை அளக்கிறாரா? ஒரு துளி இரத்தத்தைப் பரிசோதிக்காமல் இதற்கு விடை கிடையாது. ‘இவளுக்கு மூச்சு பத்தாது’ என்று தள்ளப்பட்ட பிள்ளைகளில் எத்தனை பேருக்கு மூன்று மாத இரும்புச்சத்து மாத்திரை போதுமானதாக இருந்திருக்கும்?

பயிற்சியே இரும்பைக் குறைக்கும் என்பது இன்னொரு சிக்கல். கடும் பயிற்சிக்குப் பின் சில மணி நேரம் ஹெப்சிடின் என்ற சுரப்பு உயர்ந்து, குடல் இரும்பை உறிஞ்சுவதைத் தடுக்கிறது. தேநீரும் அதையே செய்கிறது. விடியற்காலையில் ஓடிவிட்டு, ஒரு தேநீரும் பன்னும் சாப்பிட்டு வேலைக்குப் போகும் இளைஞர் இரண்டு பூட்டுகளையும் ஒருசேரப் போட்டுக்கொள்கிறார். இறைச்சியிலும் இரத்தத்திலும் உள்ள இரும்பு, கீரையின் இரும்பைவிட எளிதாக உடலில் சேரும். இரத்தப் பொரியலும் சுவரொட்டியும் நம் சமையலறைகளில் வெறும் சுவைக்காக இடம்பிடித்தவை அல்ல. மாட்டிறைச்சியும் அவ்வாறே: 100 கிராமில் ஏறத்தாழ 20 கிராம் புரதம், எளிதில் சேரும் இரும்பு, ஏழைக்கு எட்டும் விலை. அதைத் தீட்டு என்று விடுதிகளிலிருந்தும் வாடகை வீடுகளிலிருந்தும் விலக்கி வைத்துவிட்டு, டப்பாவில் அடைத்த புரதப்பொடியை விளம்பரம் செய்கிற நாடு இது.

கணக்கைப் பார்ப்போம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் பரிந்துரைக்கும் நாளொன்றுக்கான புரதம், உடல் எடையில் கிலோவிற்கு 0.83 கிராம். வலுப்பயிற்சி செய்பவர்களுக்கு ஏறத்தாழ 1.6 கிராம்வரை பயன் தருகிறது என்று 49 ஆய்வுகளைத் தொகுத்த 2018ஆம் ஆண்டு ஆய்வு சொல்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 50 கிராமும் 96 கிராமும். இடைவெளி 46 கிராம். முட்டைக் கணக்கில் 7 அல்லது 8. தமிழ்நாட்டின் சத்துணவுத் திட்டம் பள்ளி நாட்களில் தினம் ஒரு முட்டை தருகிறது. அதுவே பல மாநிலங்களில் இன்னும் நடக்காத பெரிய செயல். முட்டை வேண்டாம் என்று மத காரணம் காட்டுவோரை எதிர்த்து நிலைநிறுத்தப்பட்ட செயல். ஆனால் 10ஆம் வகுப்பைத் தாண்டியதும் அந்த ஒரு முட்டையும் நின்றுவிடுகிறது. உடல் தீவிரப் பயிற்சிக்கு வரும் வயதும் அதுவே.

காவலர் தேர்வு மைதானத்தில்

பதக்கம் மிகச் சிலருக்கானது. இதைப் படிக்கும் மாணவர்களில் பலருக்கு நெருக்கமான தடகளப் போட்டி இரண்டாம் நிலைக் காவலர் தேர்வு. ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்திலும், பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடியிலும் ஓடி முடிக்க வேண்டும். உயரத்தில் பொதுப்பிரிவு ஆண்களுக்கு 170 செ.மீ., பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 167 செ.மீ. இந்த 3 செ.மீ. சலுகையைக் கேலி செய்பவர்கள் உண்டு. ஒரு சமூகத்தின் சராசரி உயரம் தலைமுறைகளின் உணவையும் குழந்தைப் பருவ நோய்களையும் தாங்கி நிற்கிறது என்பது உடலியல் பாடம். நாட்டின் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருக்கின்றனர். அவ்விகிதம் பட்டியல் சாதி, பழங்குடிக் குழந்தைகளிடம் இன்னும் கூடுதல். அந்த இழப்பின் ஒரு சிறு பகுதியையே விதி திருப்பித் தருகிறது.

7 நிமிடம் என்பது 100 மீட்டருக்கு 28 விநாடி. உடல்நலமுள்ள இளைஞருக்கு இது எட்டாத வேகமன்று. இருந்தும் பலர் தவறுகின்றனர். காரணம் சோம்பல் அன்று, தவறான உழைப்பு. மாவட்டத் தலைநகர் மைதானங்களில் விடிகாலையில் பார்த்தால், தினமும் 1500 மீட்டரை முழு மூச்சில் ஓடிக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கீழே விழுகிறார்கள். ‘உயிரைக் கொடுத்து ஓடு’ என்பதே அங்குள்ள ஒரே பாடம். 1500 மீட்டருக்கான ஆற்றலின் பெரும்பகுதி ஆக்சிஜனைக் கொண்டே கிடைக்கிறது. அந்த அமைப்பை வளர்ப்பது மெல்லோட்டம். நோர்வேயில் பணியாற்றும் ஸ்டீபன் செய்லர் உலகத்தர ஓட்டக்காரர்கள், படகோட்டிகள், பனிச்சறுக்கு வீரர்களின் பயிற்சிகளை ஆராய்ந்தபோது, அவற்றில் ஏறத்தாழ 80 விழுக்காடு இலகுவானவை என்று கண்டார். பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம் அது. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் கடும் ஓட்டம்: 400 மீட்டரை 1 நிமிடம் 45 முதல் 50 விநாடியில் ஓடி, இரண்டு மூன்று நிமிடம் நடந்து, நான்கைந்து முறை செய்யலாம். ஒரு நாள் முழு ஓய்வு. தேர்வுக்கு முந்தைய வாரத்தில் ஓட்டத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும். மாதக்கணக்கில் முழு வேகத்தில் ஓடி முழங்கால் முன்னெலும்பு வலியோடு தேர்வுக்கு வருபவரைவிட இப்படிப் பயின்றவர் எளிதாகக் கடப்பார்.

இதை எழுதும்போதே ஒரு தயக்கம் எழுகிறது. பகலில் கட்டட வேலையோ உணவு விநியோகமோ செய்துவிட்டு விடியலில் ஓடுபவரிடம் மெல்லோட்டமும் ஓய்வும் பற்றிப் பேசுவது எளிது. அவருடைய கடும் நாள் எது, இலகு நாள் எது என்பதை அவருடைய மேஸ்திரியோ செயலியோதான் முடிவு செய்கிறது. அத்தகையவர் வேலை மிகுந்த நாளில் ஓட்டத்தை விட்டுவிடுவது குற்றமில்லை. அந்த நாளின் சுமையை உடல் ஏற்கெனவே எண்ணிக்கொண்டுவிட்டது.

வெப்பத்திலும் இதே கதைதான். வெயிலில் நடக்கும் போட்டிக்கு ஆயத்தமாகும் வீரருக்கு 10 முதல் 14 நாட்கள், நாளுக்கு ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் வெப்பத்தில் பயிற்சி தரப்படும். முன்னும் பின்னும் எடை பார்த்து இழந்த நீரைக் கணக்கிட்டுக் கொடுப்பர். உப்பளத்திலும் வயலிலும் உள்ள பெண்களோ, ஒதுங்க இடமில்லாததால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கின்றனர். தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களிடம் வெப்ப அழுத்தமும் சிறுநீரகச் செயல் குறைவும் ஆய்வுகளில் பதிவாகியுள்ளன. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. ஆனால் கழிப்பறையும் நிழலும் இல்லாத பணியிடத்தில், உடல் வெயிலுக்குப் பழகிவிடும் என்று இன்னமும் சொல்லப்படுகிறது.

மீட்சி யாருடைய உரிமை?

1942 முதல் 1946வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அம்பேத்கரின் காலத்தில் உருவான 1946ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம், வார வேலைநேரத்தை 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைத்தது. விளையாட்டு அறிவியலின் மொழியில் அது வாரத்திற்கு 6 மணி நேர மீட்சி. 2021இல் தமிழ்நாடு கடைப் பணியாளர்களுக்கு உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியதும் அந்த வழியில் வந்ததே. மாறாக, 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைநாளுக்கு இடம் தரும் மசோதா இங்கே நிறைவேறியது. தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் மே நாளன்று திரும்பப் பெறப்பட்டது. கர்நாடகத்தில் அத்தகைய திருத்தம் அதே ஆண்டில் சட்டமாயிற்று. 2025 நவம்பரில் ஒன்றிய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. வார உச்சவரம்பு 48 மணியாகவே இருக்கிறது என்று சமாதானம் சொல்கிறார்கள். 12 மணி நேரம் நின்றவருக்கு அடுத்த நாள் வேலைக்கு முன் எத்தனை மணி நேர உறக்கம் மிஞ்சும் என்பதை உடல் வாரக் கணக்கில் பார்ப்பதில்லை.

இந்த விவாதத்தைத் தொழிற்சங்கங்களுக்கு மட்டும் விட்டுவிடாமல், விளையாட்டுக் கொள்கை பற்றிப் பேசும் இடங்களுக்கும் மாணவர் அமைப்புகள் கொண்டுவர வேண்டும். அதற்கு மிக அருகிலுள்ள களம் விடுதி. தமிழ்நாட்டின் ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகள் 2025 ஜூலையில் ‘சமூகநீதி விடுதி’ என்று பெயர் மாற்றம் பெற்றன. பெயர்ப் பலகை மாறிய இந்த விடுதிகளில் நாம் கேட்க வேண்டியவை அப்படியொன்றும் பெரியவை அல்ல. ஆண்டுக்கு இருமுறை ஒவ்வொரு மாணவருக்கும் மாணவிக்கும் ஹீமோகுளோபினும் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பரிசோதிக்கப்பட வேண்டும். குறைந்தவர்களுக்கு மாத்திரை தர வேண்டும். கல்லூரி மாணவர்களுக்கும் தினம் முட்டை வேண்டும். விரும்புவோருக்கு மாட்டிறைச்சி உள்ளிட்ட இறைச்சி வேண்டும். காவலர் தேர்வுக்கு ஆயத்தமாவோருக்கு அருகிலுள்ள அரசு மைதானமும், வாரத்தில் சில நாட்களாவது தகுதிபெற்ற பயிற்றுநரும் வேண்டும். காலையில் ஓடி வருபவர் உண்பதற்கு, ஏழரை மணிக்கே மூடிவிடாத சமையலறையும் வேண்டும்.